உப்பு என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல்

போன வாரம் ரேவதி தொலைபேசியில் கூப்பிட்டாள். பழவேற்காட்டுத் தகவல் மையத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பொன்னேரியில் கல்லூரி முடித்தவள். மையத்துக்குப் புதிய முறை வரப்போகிறதாம். பழைய கணினியைக் கழற்றுவதற்குள் அதில் இருப்பதை எல்லாம் ஒழுங்கு செய்யச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அக்கா, எல்லா குரூப்பும் புரிஞ்சுது. வடக்கு, தெற்கு, ராக்கெட், ஐஸ் கம்பெனி. இந்த உப்புன்னு ஒண்ணு கீதே, அது இன்னா? உள்ள ஒரே ஒரு மெயிலு. தொறந்தா காலியா கீது. அழிச்சுடட்டா?"

"தொடாதே!"

கத்தியிருக்கிறேன் போல.

"சரிக்கா, தொடல. ஆனா இன்னா ஏதுன்னு எழுதியாச்சும் குடு. எனக்கப்புறம் வர்றவங்களும் கேப்பாங்கல்ல?"

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலோரத்துக்காரி அல்ல. மீஞ்சூரில் பிறந்தவள். சென்னையில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்து, மாவட்டப் பக்கத்தின் செய்திகளைத் திருத்துபவளாக உயர்ந்தேன். ரயிலில் போய் ரயிலில் வந்தே பாதி வயது கழிந்தது. எந்த ஊர், எந்த நேரம், யார் சொன்னது என்று ஒவ்வொரு செய்தியிலும் முதலில் தேடப் பழகியிருந்தேன். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த செய்தி வருடத்தில் சில முறை வரும். ஒற்றைப் பத்தியில் அடங்குமாறு நான்தான் வெட்டுவேன். பிறகு அந்த மாவட்டப் பக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். பழவேற்காட்டில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய தகவல் மையத்துக்கு, ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் வாசிக்க ஆள் தேடினார்கள். போனேன்.

இரண்டு அறை, ஒரு கணினி, கூரைமேல் ஒலிபெருக்கி. கடல் நிலை அறிக்கைகள் மின்னஞ்சலில் வரும். இணையம் நூல்போல மெலிந்து வந்ததால், படங்களுடன் திறக்கும் அஞ்சல் பக்கம் எதுவும் அங்கே ஓடாது. முன்னால் இருந்த பொறியாளர் ஒருவர், கட்டளைகளைத் தட்டி இயக்கும் அஞ்சல் நிரல் ஒன்றை நிறுவிவிட்டுப் போயிருந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. சுட்டிக்கு வேலையே கிடையாது.

அதைக் கற்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். வருகிற ஒவ்வொரு மடலுக்கும் வரிசை எண் விழும். 'மார்க்' என்று தட்டி, மடலின் எண்ணையும் ஒரு பெயரையும் கொடுத்தால், அந்த மடல் அந்தப் பெயருள்ள குழுவில் சேர்ந்துவிடும். 'பிக்' கட்டளை தேடிக் கொடுக்கும். தலைப்பில் உள்ள ஒரு சொல்லைச் சொன்னால், பொருந்தும் மடல்களை எல்லாம் ஒரே குழுவாக்கிவிடும். 'ஸ்கேன்' என்று குழுவின் பெயரைத் தட்டினால், மடலுக்கு ஒரு வரி வீதம் திரையில் வரும். நாம் பெயர் வைக்காமலே நிரல் தானாக வைத்துக்கொள்ளும் குழுவும் ஒன்று உண்டு: இன்னும் பார்க்காத மடல்கள். காலையில் முதலில் அதைத்தான் கேட்பேன். கேட்டுவிட்டு, வரிகள் வருவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவேன். ஓய்வு பெறும் நாள்வரை அது பழகவில்லை.

மையத்தின் பொறுப்பாளர் தேவராஜ் சார். ரயில் தபால் பெட்டியில் கடிதம் பிரிப்பவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடும் ரயிலில் நின்றே வேலை செய்த கால்கள். மையத்திலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு, திரையைப் படிப்பார். நான் ஒரு மடலைக் குழுவில் சேர்த்ததும் தொண்டையைச் செருமினால் சரி என்று பொருள். செருமவில்லை என்றால் மறுபடி பார்க்க வேண்டும். கோபப்பட்டதில்லை. அதனாலேயே அவரிடம் எல்லாருக்கும் பயம். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"ஒரு லெட்டருக்கு ஒரு பைதாம்மா. ரெண்டு பையில போட்டா எந்தப் பையும் போய்ச் சேராது."

அதன்படியே செய்தேன். வட தமிழகக் கடலோரத்துக்கான அறிக்கை 'தெற்கு' குழுவில் சேரும். நான் ஒலிபெருக்கியில் வாசிப்பேன். எங்களுக்கு வடக்கே இருக்கும் தெற்கு ஆந்திரக் கடலோரத்துக்கானது 'வடக்கு' குழுவில் சேரும். அதை பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் உள்ள ஊரில் எங்கள் தகவலை வாங்கும் கொண்டய்யாவுக்கு அனுப்பிவிடுவேன். ஏவுதளத்தில் ராக்கெட் விடும் நாட்களின் கடல் தடைக்கு ஒரு குழு. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அறிக்கை எழுதுபவர்கள் கடலை மாநிலக் கோட்டில் பிரித்திருந்தார்கள். நாங்களும் அந்தக் கோட்டிலேயே பிரித்தோம். மீன் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. மீனுக்குப் பின்னால் போகும் படகும் பார்ப்பதில்லை.

அப்படியானால் எந்தப் படகு எங்கே போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று நான் ஆரம்பத்தில் நினைத்தேன். மையத்தைப் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மா, நான் அப்படிச் சொன்னதும் வாயில் கை வைத்துக்கொண்டார். கோட்டைக்குப்பத்துக்காரர். கணவர் ஏழுமலை கடலுக்குப் போகிறவர்.

"யக்கா, கடலுக்குக் கெளம்புற ஆம்பளைய எங்க போறன்னு யாராச்சும் கேப்பாங்களா? கேட்டா அன்னிக்கு வலை கிழியும். இல்லன்னா ஆளு..."

கேட்பது மட்டுமல்ல, சொல்வதும் கூடாது. எந்த இடத்தில் மீன் கிடக்கிறது என்பது வீட்டுக்குள் மட்டும் தெரியும். மனைவிக்குத் தெரியும், அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஆள் கடலில் இருக்கும்போது அந்த இடத்தின் பேரைச் சொல்வதே அவன் தலைக்கு மேல் கல்லைத் தூக்குவது போல. துடைப்பத்துக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புருஷன் போன கையோடு பெருக்கக் கூடாது. படகு போய்ச் சேர்ந்து, வலை தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் பண்ணிய பிறகுதான் கன்னியம்மா துடைப்பத்தை எடுப்பார். நான் வந்து தேநீர் குடித்து முடிக்கும் வேளையில் அநேகமாகத் தரை சுத்தமாகியிருக்கும். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் இன்னொரு முறை பெருக்குவார்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. முற்பகலில் ஓர் அறிக்கை வந்தது. தெற்கு ஆந்திரக் கடலோரத்தில் பிற்பகலில் இருந்து பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு, மீனவர் செல்ல வேண்டாம். வட தமிழகத்துக்கு எச்சரிக்கை இல்லை. மடலை 'வடக்கு' குழுவில் சேர்த்தேன். பின்னால் தேவராஜ் சார் தொண்டையைச் செருமினார். கொண்டய்யாவுக்கு அனுப்பினேன். அத்துடன் அந்த மடலின் வேலை முடிந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது தரையைப் பார்த்தேன். காலையில் நான் உள்ளே வந்தபோது பதிந்த மணல் தடம் அப்படியே கிடந்தது. கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துடைப்பம் மடியில்.

ஏழுமலை இருட்டோடு போயிருப்பார். முற்பகலாகியும் வலை இறங்கவில்லை என்று இந்த அம்மாள் கணக்குப் பண்ணினால் படகு எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்? தூரம் போகிறவர்கள்தான் ஐஸை அதிகம் ஏற்றுவார்கள்.

"பெருக்கலையா கன்னியம்மா?"

"பெருக்குறேன். இன்னா அவசரம்? கலெக்டரா வர்றாரு?"

"ஏழுமலை நெறைய ஐஸ் ஏத்துனாரா?"

அவர் முகம் மாறியது. "யக்கா, வேணாம்."

"நான் எங்கன்னு கேக்கல. ஒரு மெயில் வந்திருக்கு. காத்து வருதுன்னு. இங்க இல்ல. அதை யாருக்குச் சொல்லணும்னு தெரியல. அவ்ளோதான்."

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஆடியது. சாமி பேரோ என்னவோ. சொன்னால் சொன்னதால் கெடும். சொல்லாவிட்டால் காற்றால் கெடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனித முகம் படும் பாட்டை நான் பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் பார்த்ததில்லை. கடைசிவரை அவர் வாயைத் திறக்கவில்லை. மடியிலிருந்த துடைப்பத்தை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு அதன் நுனியை மெல்லத் தள்ளித் திருப்பினார். அது வடக்கே நீட்டிக்கொண்டு கிடந்தது.

தேவராஜ் சார் துடைப்பத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"லெட்டர் கரெக்ட் பையிலதாம்மா இருக்கு," என்றார். "ஆளுதான் வேற பையில இருக்கான்."

ஏழுமலையின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. கொண்டய்யாவைக் கூப்பிட்டேன்.

"எங்க ஆளுங்க எல்லாம் கரைக்கு வந்துட்டாங்கம்மா. உங்க ஊரு போட்டு ஒண்ணு வெளிய நிக்குதுன்னு பசங்க சொன்னாங்க. நாங்க எதுக்கு உங்க ஆளுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டாங்க. பேரு இன்னா?"

பெயரைச் சொன்னேன். வயர்லெஸ் வைத்த பெரிய படகு ஒன்று இன்னும் கடலில் இருப்பதாகவும் அதற்குச் சொல்லிப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. திரையில் பார்க்காத மடல் என்று எதுவும் இல்லை. வெளியே வெயில் அடித்தது. ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த வெயில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பிற்பகலில் முகத்துவாரத்துக்குப் போனோம். ஏரித் தண்ணீர் கடலுக்குள் வடிந்துகொண்டிருந்தது. எதிரே கடல் ஏறி வந்தது. இரண்டும் மோதும் இடத்தில் அலை நின்ற இடத்திலேயே உடைந்தது. பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வில்தான் படகு நுழைய வேண்டும். அதைத் தவறவிட்டவர்களைத்தான் நான் ஒற்றைப் பத்தியில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கரையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கன்னியம்மா எங்களோடு நிற்கவில்லை. தள்ளிப்போய், கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்துகொண்டார்.

படகு தெரிந்தபோது யாரும் கத்தவில்லை. வெளியே நின்று ஏறி இறங்கியது. உள்ளே நால்வர். ஓர் ஓய்வு வந்தது, அவர்கள் நுழையவில்லை. இன்னொன்று வந்தது. இஞ்சின் சத்தம் உயர்ந்தது. பாதி வழியில் அது இருமி நின்றது. படகு பக்கவாட்டில் திரும்பியது. பின்னால் வந்த அலை அதைத் தூக்கியதைப் பார்த்தேன். அடியில் பூசியிருந்த நீலச் சாயம்வரை தெரிந்தது. அதற்கப்புறம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது படகு மணல் திட்டில் சாய்ந்து கிடந்தது. ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நால்வரும் உயிரோடு இருந்தார்கள். ஏழுமலையின் தம்பிக்குத் தோள் இறங்கியிருந்தது.

ஏழுமலை தள்ளாடி மேலே வந்தார். உப்பு நீர் கக்கினார். பேசின முதல் பேச்சு இது:

"எவன் சொன்னது? ஆந்திரா போட்டுக்காரன் பேர் சொல்லிக் கூவுறான், ஏழுமல திரும்பிப் போன்னு. நான் அங்க கீறேன்னு எவன் சொன்னது?"

அவர் பார்வை தள்ளி உட்கார்ந்திருந்த மனைவியின் முதுகில் போய் நின்றது. கூட்டத்தின் பார்வையும் போனது. ஊரில் அது சின்ன விஷயமில்லை. தோள் இறங்கியதும் படகு சாய்ந்ததும் அவள் வாயால்தான் என்று ஆகிவிடும்.

"மெஷின் சொல்லிச்சு," என்றார் தேவராஜ் சார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மெஷினுக்கு எப்டி நைனா தெரியும்?"

"தெரியும்."

ஏழுமலை வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மேலேர்ந்து பாக்குதா?"

"பாக்குது."

"அப்ப நீ படகுல துணி மாத்துறதையும் பாத்துருக்கும், உஷாரா இரு மாமா," என்றான் வலையை இழுத்துக்கொண்டிருந்த ஒருவன். கூட்டம் சிரித்தது. பயம் விட்டுப்போன சிரிப்பு. கன்னியம்மா அப்போதும் திரும்பவில்லை.

மறுநாள் தேவராஜ் சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அம்மா, இதுல ஒரு லெட்டரை ரெண்டு பையில போட முடியுமா?"

முடியும் என்றேன். குழு என்பது பையே அல்ல. மடல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் எண்மேல் ஒரு பெயர் ஒட்டுகிறோம், அவ்வளவுதான். ஒன்றின்மேல் எத்தனை பெயரும் ஒட்டலாம். பெயரை எடுத்துவிட்டால் குழு போகும், மடல் போகாது. அதே அறிக்கையை 'வடக்கு', 'தெற்கு' இரண்டிலும் சேர்த்துக் காட்டினேன். இரண்டு முறையும் ஒரே எண் வந்தது. அவர் குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

அன்றிலிருந்து ஊர்ப் பெண்கள் மையத்துக்குத் தண்ணீர் குடிக்க வர ஆரம்பித்தார்கள். கன்னியம்மா என்ன சொல்லி அனுப்பினாரோ தெரியாது. காலையில் ஒவ்வொருத்தியாக வருவாள். பானையில் மொண்டு, ஒரு பக்கமாகத் திரும்பி நின்று குடிப்பாள். வடக்கே பார்த்துக் குடித்தால் படகு வடக்கே. தெற்கே பார்த்தால் தெற்கே. நான் கேட்கவில்லை. அவர்கள் சொல்லவில்லை. செம்பைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

ஒவ்வொருத்தியும் போனதும் எனக்கு நானே ஒரு வெற்று மடல் அனுப்பிக்கொள்வேன். தலைப்பில் படகின் பெயர் மட்டும். அதைத் திசையின் குழுவிலும், கடலில் இருப்பவர்களுக்கென்று நான் வைத்த இன்னொரு குழுவிலும் சேர்ப்பேன். எச்சரிக்கை வந்தால் யாருக்கு என்று உடனே தெரிந்துவிடும். படகு கரை ஏறியதும் பெயரை எடுத்துவிடுவேன்.

அந்தக் குழுவுக்கு முதலில் 'கடல்' என்றுதான் பெயர். முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் வந்த பிறகு ஸ்கேன் தட்டினேன். பிழைச் செய்தி வந்தது. குழு காலியானால் இந்த நிரல் அதைப் பிழையாகத்தான் சொல்லும்.

"இன்னா சொல்லுது டப்பா?" என்றார் கன்னியம்மா.

"எதுவும் இல்லைன்னு சொல்லுது."

"ஐயே!" என்று என் வாயைப் பொத்த வந்துவிட்டார். "வெளக்கு வெக்கிற நேரத்துல இல்லைன்ற. வீட்ல உப்பு தீந்தாக்கூட நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். கடலுக்குப் போனவங்க பேர்ல இல்லைன்னு சொல்ற டப்பாவ ஒடச்சுப் போடு."

அது நல்ல சேதிதான் என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. மறுநாள் அந்தக் குழுவுக்கு உப்பு என்று பெயர் வைத்தேன். உள்ளே எப்போதும் கிடப்பதற்காக ஒரு வெற்று மடலைச் சேர்த்தேன். ஜாடியின் அடியில் கொஞ்சம் கிடக்கட்டும் என்றார் கன்னியம்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. வரியை எண்ணத் தெரியும். சாயங்காலம் பெருக்கி முடித்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு வரி இருந்தால் விளக்கை ஏற்றப் போவார்.

ரேவதி அழிக்கலாமா என்று கேட்டது அந்த மடலைத்தான். நான் ஓய்வு பெற்றபின் உப்பில் யாரும் படகைச் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த ஆண்டுகளில், ஒவ்வொரு நாளும் ஊரில் எல்லார் வீட்டு ரகசியமும் எனக்குத் தெரியும். தெரிந்ததால் நிம்மதி வரவில்லை. முன்பெல்லாம் கடலில் படகுகள் இருந்தன. இப்போது இன்னார் இன்ன இடத்தில் இருந்தார். காற்று திசை மாறினால் எந்தப் பெண் எந்தப் பக்கம் பார்த்துத் தண்ணீர் குடித்தாள் என்று முகம் முகமாக நினைவு வரும். வீட்டில் ரசம் கொதிக்கும்போதும் திரையின் வரிகள்தான் கண்ணில் நிற்கும். ஒருமுறை, தேடுகிறவர்கள் எல்லாரும் தேடி ஓய்ந்த பிறகும், ஒரு வரியை எடுக்க என் விரல் வரவில்லை. தேவராஜ் சார் என் தோளுக்கு மேலாகக் குனிந்து தட்டினார். அன்று அவர் தொண்டையைச் செருமவில்லை. அந்தப் படகின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

இப்போது படகிலேயே கருவி பொருத்தப்போகிறார்கள். திரையில் புள்ளி நகரும் என்கிறாள் ரேவதி. சிலவற்றில் ஏற்கெனவே பொருத்தியும் விட்டார்கள். ஏழுமலை அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடிவிட்டு, பிறகு இணைப்பையே பிடுங்கிவிட்டாராம். இடம் தெரிந்துவிடும் என்றுதான்.

மேலே எழுதிய எல்லாவற்றையும் ரேவதிக்கு அனுப்பினேன். கீழே நான்கு வரி சேர்த்தேன். புதிய முறை முழுக்க வரும்வரை பழைய கணினியை அணைக்காதே. தண்ணீர் குடிக்க வருகிறவர்களைப் பேசவிடாதே, எந்தப் பக்கம் திரும்பிக் குடிக்கிறார்கள் என்று பார்த்து உப்பில் சேர். சாயங்காலம் உப்பில் ஒரு வரி இருக்க வேண்டும். கூட இருந்தால் என்னைக் கூப்பிடு.

அவள் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள். "தண்ணிப் பானைக்குப் பக்கத்துல திசைகாட்டி மாட்டிடுறேன்க்கா." ஆனால் செய்தாள். மூன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டு, "ஒண்ணுக்கா," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இன்று சாயங்காலம் இங்கே மீஞ்சூரில் மாடித் துணிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அக்கா." ரேவதியின் குரல் தாழ்ந்திருந்தது. பின்னால் தரையில் கன்னியம்மாவின் துடைப்பம் உரசும் சத்தம், ஒரே சீராக. "ரெண்டு காட்டுது."

"யாரோடது?"

துடைப்பம் கிட்டே வந்தது.

"ரேவதி, யாரோடது?"

"இங்கதான் பெருக்கிகினு கீறாங்க," என்றாள்.

"திரையை மறைச்சு உக்காரு. கொண்டய்யா நம்பர்..."

துடைப்பச் சத்தம் நின்றது.